மூன்று பேர் அட்டையில் முதல் பெயர்

1

இந்த ஜூனோடு நாங்கள் பெங்களூருக்கு வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. நம் ஊர்ச் சபைகளின் சேகரப் பத்திரிகைக்கு ஏதாவது எழுதி அனுப்பும்படி ஊரிலிருந்து போதகர் ஐயா மூன்று கடிதம் போட்டுவிட்டார். முதல் இரண்டுக்கும் எழுத ஒன்றுமில்லை என்று பதில் போட்டேன். மூன்றாவது வந்தபோது எழுத ஒன்று கிடைத்திருந்தது. அதில் நான் முழுக்க முழுக்க அசடு வழிகிறேன் என்பதால் என் மனைவி எஸ்தர் தடுப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள்தான் பேனாவையும் பேப்பரையும் எடுத்து வைத்தாள்.

பெங்களூரை வெளிநாடு என்று சொன்னால் துபாயில் இருக்கும் நம் ஊர்ப் பையன்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். இங்கே ரேஷன் கார்டு வாங்கியபோது செல்வின் துரைராஜ் என்ற என்னைச் செல்வி துரைராஜ் என்று எழுதி, பெண் என்றும் குறித்துவிட்டார்கள். மீசையோடு நான் நேரில் போய் நின்றும், ஆதாரம் கொண்டுவா என்றார்கள். நான் மறுபடி ஆணாக ஆவதற்குப் பதினான்கு மாதம் பிடித்தது. அதுவரை சீனி வாங்கப் போகும்போதெல்லாம் எஸ்தர் என்னை அக்கா என்று கூப்பிட்டாள்.

நான் இங்கே ஒரு இயந்திர உதிரிபாகத் தொழிற்சாலையில் தர ஆய்வாளர். அளவு சரியில்லாத சாமானைக் கண்டுபிடித்து, சிவப்புப் பெயிண்ட் ஒரு தீற்றல் தீற்றித் தள்ளி வைப்பது வேலை. வேண்டியவன் செய்தது, வேண்டாதவன் செய்தது என்று பார்க்க மாட்டேன். வீடு தொம்மலூரில். ஞாயிறு தவறாமல் கண்டோன்மென்ட் பக்கம் உள்ள நம் தமிழ்க் கோவிலுக்குப் போவோம். அங்கே ஆறு வருடமாக நான்தான் செயலாளர். ஆராதனையில் அறிவிப்பு வாசிப்பது நான். சபையார் கூடிச் சாப்பிடும் அசன பண்டிகைக்கு அண்டா வாடகைக்கு எடுப்பது நான். ஆட்சேபம் உண்டா என்று கேட்டுக் கல்யாண ஓலை வாசிப்பதும் நான். நாங்கள் வந்த அந்த முதல் டிசம்பரில் காவிரிக் கலவரம் நடந்தபோது, சன்னல்களைச் சாத்திக்கொண்டு மெல்லிய குரலில் பாமாலை பாடிய இருபது பேரில் நானும் ஒருவன். ஆகவே என் கிறிஸ்தவ வாழ்க்கையைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இருந்தது.

மகள் ஜெமிமாவை மூன்று வயதில் இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தோம். இப்போது பத்தாம் வகுப்பு. தோழிகளிடம் கன்னடம், புத்தகத்திடம் இங்கிலீஷ், சோறு கேட்க மட்டும் தமிழ். தமிழ் படிக்கத் தெரியாது. பாமாலையை இங்கிலீஷ் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு பாடுவாள். போன வருடத்திலிருந்து அதுவும் குறைந்து, சனிக்கிழமை சாயங்காலங்களில் இளைஞர் ஐக்கியம் என்று ஒரு கூட்டத்துக்குப் போக ஆரம்பித்தாள். அங்கே கிட்டார், டிரம்ஸ், கைதட்டல். இவள் நம் கோவிலை விட்டுப் போய்விடுவாளோ என்று எனக்குக் கவலையாகவே இருந்தது. கோவிலை விட்டால் தமிழை விடுவாள். தமிழை விட்டால் எங்களோடு என்ன பேசுவாள்?

2

அந்த ஐக்கியத்தை நடத்துபவன் ரோஷன். இருபத்தைந்து வயது, ஆஸ்டின் டவுன் பையன், வைட்ஃபீல்டில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. ஏப்ரலில் ஒருநாள் பைக்கில் வீட்டுக்கு வந்தான்.

"அங்கிள், ஏர்போர்ட் ரோட்டுல ஸ்கூல் ஹால் பிடிச்சிருக்கோம். யூத்துக்கு ஒரு அவுட்ரீச் மீட்டிங். மைக் வைக்க போலீஸ் பர்மிஷன் வேணும். நம்ம சர்ச் லெட்டர்பேட்ல ஒரு லெட்டர் குடுத்தா சல்லுனு முடிஞ்சிரும்."

ஒருவர் என்னிடம் லெட்டர்பேட் கடிதம் கேட்டால் எனக்கு மனம் குளிர்ந்துவிடும். எழுதினேன். 'இளைஞர்களின் ஆத்தும நலனை முன்னிட்டு' என்று ஆரம்பித்து ஒன்றரைப் பக்கம். கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தினேன். கூடவே ஸ்டேஷனுக்கும் வருகிறேன் என்றேன்.

போகும் வழியில் அவன் கதையைக் கேட்டேன். சின்ன வயதில் ஞாயிறு பள்ளியில் எல்லாப் பரிசும் வாங்கியவனாம். கல்லூரிக்குப் போனதும் கோவில் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. ஒருநாள் ஒரு ஜெபக் கூட்டத்தில் கிட்டார் வாசிப்பவனுக்குக் காய்ச்சல் என்று நண்பன் ஒருவன் இவனை அவசரத்துக்கு இழுத்துப் போயிருக்கிறான்.

"நாலு பாட்டு வாசிச்சிட்டு ஓடிரலாம்னுதான் போனேன் அங்கிள். மெசேஜ் முடியறவரைக்கும் கிட்டார மடியில வச்சிட்டு உக்காந்துட்டேன். என்ன சொன்னாங்கன்னு இப்பவும் சரியா ஞாபகம் இல்ல. வீட்டுக்கு வந்து ஒரே அழுகை. அம்மா, எவளாவது விட்டுட்டுப் போயிட்டாளாடான்னு கேட்டாங்க."

நல்ல பையன் என்று முதுகில் தட்டிக் கொடுத்தேன்.

ஸ்டேஷனில் ஒரு பெஞ்சில் எங்களை உட்கார வைத்தார்கள். அரை மணி கழித்து சப்-இன்ஸ்பெக்டர் உள்ளே வந்தார். மரியாதை காட்ட நினைத்து நான் எழுந்து, "பா சார், கூத்கோ" என்றேன். பெரியவர்களிடம் 'பன்னி, கூத்கொள்ளி' என்று சொல்ல வேண்டும். நான் சொன்னது, 'வாடா, உட்காரு' என்பதற்குச் சமம். அதுவும் அவருடைய ஸ்டேஷனில், அவருடைய நாற்காலியைக் காட்டி.

ரோஷன் கையெடுத்துக் கும்பிட்டுக் கன்னடத்தில் ஏதேதோ மன்னிப்புக் கேட்டான். அவர் என்னை மேலும் கீழும் பார்த்து, பெங்களூருக்கு வந்து எத்தனை வருடம் என்று விசாரித்தார். பன்னிரண்டு என்று பெருமையாகச் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் தொப்பி சரிந்தது. அனுமதி உடனே கிடைத்தது. திரும்பும்போது ரோஷனிடம், எந்த உதவி என்றாலும் என்னைக் கேள் என்றேன்.

3

அடுத்த வாரம் ஜெமியின் அறையில் டியூப் லைட் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. ஸ்டார்ட்டர் மாற்றுவதற்காக ஸ்டூல் போட்டு ஏறினேன். அவள் படிக்கும் மேசைக்கு மேலே, சுவரில், ஒரு அட்டை ஒட்டியிருந்தது. இளநீல நிறம், மூலையில் ஒரு சிலுவை. தலைப்பில் இங்கிலீஷில் 'என் மூவர்' என்று அச்சிட்டிருந்தது. கீழே மூன்று கோடு. அவளுடைய உருண்டைக் கையெழுத்தில் மூன்று பெயர்.

முதல் பெயர் அப்பா. இரண்டாவது பிரியங்கா, அவள் வகுப்புத் தோழி. மூன்றாவது வேன் அங்கிள், அதாவது பள்ளிக்கூட வேன் ஓட்டும் பீட்டர்.

ஸ்டூலில் நின்றபடியே எனக்குக் கண் கலங்கிவிட்டது. பதினைந்து வயதுப் பெண், வீட்டில் என்னோடு ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். அவள் மனதில் இருக்கும் மூன்று பேரில் முதல் ஆள் நான். கீழே இறங்கி எஸ்தரிடம் சொன்னேன்.

"உன் பேரு இல்ல பாத்துக்கோ" என்றும் சேர்த்துச் சொன்னேன். அவள் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். மறுநாள் தொழிற்சாலையில் சொன்னேன். பக்கத்து வீட்டு ராவிடம் சொன்னேன். நேரம் பார்த்து ஞாயிறு காலையில் கோவில் வாசலிலும் சொன்னேன். அங்கே நின்ற இளைஞர் ஐக்கியப் பிள்ளைகள் மூன்று பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பொறாமை என்று எடுத்துக்கொண்டேன்.

ஆராதனை முடிந்து கமிட்டி கூடியது. கமிட்டியில் மூத்தவர் அருமைநாயகம் அண்ணாச்சி. நம் பக்கத்துக்காரர்தான், சாத்தான்குளம். அவர் பையனும் அதே ஐக்கியத்தில் இருக்கிறான். டீ வந்ததும் நான் பேச்சை அந்தப் பக்கம் திருப்பினேன்.

"உங்க பையனும் அட்டை கொண்டாந்திருப்பானே அண்ணாச்சி?"

"கொண்டாந்தான். மேஜைல வச்சிருக்கான்."

"உங்க பேரு இருக்கா?"

"இல்லியே."

எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. மனைவியை இழந்த மனிதர், பையனை ஒற்றையாளாக வளர்த்தவர். நான் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டு, தோளில் கை வைத்தேன்.

"மனசுல வச்சுக்கிடாதீங்க அண்ணாச்சி. பையன்க இந்த வயசுல அப்படித்தான் இருப்பானுவ. அடுத்த தடவை அட்டை குடுக்கும்போது கட்டாயம் உங்க பேரை எழுதுவான். நான் வேணா அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லட்டா?"

அண்ணாச்சி டம்ளரைக் கீழே வைத்தார். சுற்றிலும் பார்த்தார். மற்ற ஆறு பேரும் டீயைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"செல்வின், அந்த அட்டை எதுக்குன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியுமே. மனசுக்குப் பிடிச்ச மூணு பேரு."

"அது ரட்சிக்கப்படாதவங்க பட்டியலு, தம்பி" என்றார் அவர், சாவுச் செய்தி சொல்லும் குரலில். "பேருக்குக் கிறிஸ்தவனா இருந்துக்கிட்டு உள்ளுக்குள்ள ஒண்ணுமில்லாம இருக்கவங்க மூணு பேரை எழுதி, தினமும் ஜெபம் பண்ணணும். அந்த மீட்டிங்குக்கு அவங்களைக் கூட்டிட்டு வரணும். அதுக்குத்தான் அட்டை."

என் மீட்புக்கான கூட்டத்துக்கு லெட்டர்பேடில் அனுமதிக் கடிதம் எழுதி, முத்திரை குத்தி, போலீஸ் ஸ்டேஷன் வரை போய் வந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. அன்றைய கமிட்டிக் குறிப்பில் 'இதர விஷயங்கள்' என்ற தலைப்பின் கீழ் நான் ஒன்றும் எழுதவில்லை.

4

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் எஸ்தர் சிரித்தாள். சிரித்துச் சிரித்து நிற்க முடியாமல் சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளைத் தாண்டிக்கொண்டு ஜெமியின் அறைக்குப் போனேன்.

"என்ன பிள்ள இது? நான் சர்ச் செக்ரட்டரி. நான் ரட்சிக்கப்படாதவனா?"

ஜெமி பேனாவை மூடி வைத்தாள். பயப்படவில்லை. எதிர்த்தும் பேசவில்லை. அதுதான் கூடக் கொஞ்சம் கோபத்தைக் கிளப்பியது.

"ஸாரிப்பா. ஆனா நான் பொய் எழுதக் கூடாதுல்ல?"

"எதை வச்சு எழுதினே?"

"நீங்க ஜெபம் பண்ணி நான் பார்த்ததே இல்லப்பா. சர்ச்ல பிரசங்கம் ஸ்டார்ட் ஆனதும் தூங்கிடுவீங்க. அனௌன்ஸ்மென்ட்டுக்கு மட்டும் கரெக்டா எழுந்திருப்பீங்க. வீட்ல சாப்பிடறப்போ ஜெபம் சொல்றது அம்மா. என் எக்ஸாமுக்கு ஜெபம் பண்ணது அம்மா. உங்க ஆபரேஷனுக்கு ஜெபம் பண்ணதும் அம்மா."

"மனசுக்குள்ள பண்ணுவேன்."

"என்ன சொல்லுவீங்க?"

நான் தர ஆய்வாளன். தப்பு பிடிபட்ட ஆள் எப்படிப் பேச்சை மாற்றுவான் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அப்படித்தான் மாற்றினேன்.

"அம்மா பேரு ஏன் இல்ல?"

"அம்மா குக்கர் வச்சிட்டு அழுதுட்டே ஜெபம் பண்ணுவாங்க. விசில் சத்தத்துல கேக்காதுன்னு நினைச்சுப்பாங்க. எனக்குக் கேக்கும்" என்றாள். பிறகு, "எல்லாம் நமக்காகத்தான்" என்றாள்.

இது எனக்குத் தெரியாது. பதினேழு வருடம் கூட வாழ்ந்தும் தெரியாது. நான் வெளியே வந்தேன்.

விட்டுவிட மனமில்லை. அன்று சாயங்காலம் குடும்ப ஜெபம் என்று அறிவித்தேன். ஊரில் சின்ன வயதில் கன்வென்ஷன் கூட்டங்களுக்குப் போனபோது, தன்னை ஒப்புக்கொடுப்பவர்கள் கை தூக்கலாம் என்று சொன்னதும் பக்கத்துப் பையன்களோடு சேர்ந்து வருடாவருடம் நானும் கை தூக்கியவன். எட்டு முறையாவது ஒப்புக்கொடுத்திருப்பேன். ஜெபப் புத்தகம் முழுவதும் எனக்கு மனப்பாடம். ஆனால் புத்தகத்தில் இருப்பதைச் சொன்னால் இந்தப் பெண் கணக்கில் எடுக்க மாட்டாள். சொந்த வார்த்தையில் செய்து காட்டுவோம் என்று கண்ணை மூடினேன். வார்த்தை எதுவும் வரவில்லை. வியர்த்தது. கடைசியில் வாய் தானாகப் பேசியது.

"அன்பின் ஆண்டவரே, இதனால் தெரிவித்துக்கொள்வது என்னவென்றால், எங்கள் இல்லத்தில் அனைவரும் நலம். கடந்த கூட்டத்தில் தீர்மானித்தபடி..."

எஸ்தர் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். ஜெமி உதட்டைக் கடித்துக்கொண்டு ஆமென் என்றாள், நான் இன்னும் முடிக்காதபோதே. சிரிக்காமல் இருக்க அவள் பட்ட பாட்டைப் பார்த்து எனக்கே சிரிப்பு வந்தது. ஆனாலும் உள்ளே எங்கேயோ சுருக்கென்று இருந்தது. ஐம்பதை நெருங்கும் மனிதனுக்கு ஆண்டவரிடம் சொல்ல ஒரு சொந்த வாக்கியம் இல்லை.

படுக்கப் போகுமுன் ஜெமி வந்து நின்றாள். "சனிக்கிழமை வர்றீங்களாப்பா? எல்லாரும் யாரையாவது கூட்டிட்டு வருவாங்க. நீங்க முன்னாடி எல்லாம் போக வேண்டாம். பக்கத்துல உக்காந்தா போதும்."

வருகிறேன் என்றேன். அவள் கேட்டு நான் கூடப் போய் எத்தனை வருடம் ஆயிற்று என்று யோசித்துப் பார்த்தேன். ஆனால் அங்கே போய் அவளுக்காக நடிக்க மாட்டேன் என்பதில் தெளிவாக இருந்தேன். அளவு சரியில்லாத சாமானை மகள் முகத்துக்காகப் பாஸ் பண்ண முடியாது, அந்தச் சாமான் நானாக இருந்தாலும்.

5

சனிக்கிழமை நாலு மணிக்கு ஹால் நிரம்பிவிட்டது. முந்நூறு பேர் இருக்கும், முக்கால்வாசிப் பேர் மீசை முளைக்காதவர்கள். வாசலில் ஆளுக்கு ஒரு டம்ளர் எலுமிச்சை ஜூஸ் கொடுத்தார்கள். வெயில் தாங்காமல் நான் மூன்று டம்ளர் குடித்தேன். அந்த ஜூஸை மறந்துவிடாதீர்கள்.

ஜெமி என்னை நடு வரிசையில் ஓரமாக உட்கார வைத்துப் பக்கத்தில் அமர்ந்தாள். அந்தப் பக்கம் பிரியங்கா. அதற்கு அடுத்து வேன் அங்கிள் பீட்டர், தலை சீவி, வெள்ளைச் சட்டை போட்டு, சுங்கச்சாவடியில் மாட்டிக்கொண்டவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். வாயைத் திறந்தால் மூன்று மொழியில் கெட்ட வார்த்தை பேசும் மனிதர். கல்யாணத்துக்குப் பிறகு கோவில் படி ஏறாதவர். பட்டியலில் அவருக்கு மேலே என் பெயர் இருக்கிறது என்பதை நினைத்தபோது அவருக்கு வணக்கம் சொல்லவும் கூச்சமாக இருந்தது.

பாட்டு ஆரம்பித்தது. இங்கிலீஷ், கன்னடம், ஹிந்தி, நடுவில் தமிழ். டிரம்ஸ் அடித்த அடியில் என் செயற்கைப் பல் ஆடியது. பிள்ளைகள் குதித்தார்கள். ஒரு பையன் நாற்காலி மேல் ஏறி, அதே வேகத்தில் கீழே விழுந்து, விழுந்த இடத்திலிருந்தே கைதட்டினான். இதெல்லாம் நம் கோவிலில் நடந்தால் நான் நோட்டீஸ் அனுப்பியிருப்பேன். ஆனால் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். தமிழ்ப் பாட்டு வந்தபோது, தமிழ் படிக்கத் தெரியாத என் மகள் கண்ணை மூடிக்கொண்டு ஒரு வார்த்தை பிசகாமல் பாடினாள். நான் தாளம் போடாமல் இருக்கக் கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டேன்.

ரோஷன் பேசினான். சின்னப் பேச்சு. ஆண்டவரை நம் அப்பா அம்மா வழியாகவே தெரிந்து வைத்திருக்கிறோம், நேராக ஒருமுறை பேசிப் பார்க்கலாம் என்றான். எனக்குத் தூக்கம் வரவில்லை. தூக்கம் வராததற்கு எலுமிச்சை ஜூஸ்தான் காரணம். அது வேலையைக் காட்ட ஆரம்பித்திருந்தது.

பிறகு விளக்கைக் குறைத்தார்கள். கிட்டார் மெல்ல ஒலித்தது. எல்லோரும் கண்ணை மூடுங்கள், ஆண்டவரிடம் திரும்ப நினைப்பவர்கள் எழுந்து முன்னால் வரலாம் என்றான் ரோஷன். யாரும் எழவில்லை. ஒரு நிமிடம் போனது. இரண்டு நிமிடம் போனது. முந்நூறு பேரும் அசையாமல் இருந்தார்கள். எனக்கு அதற்கு மேல் தாங்காது. கழிப்பறைக் கதவு மேடைக்கு இடதுபுறம் இருந்தது. எல்லோரும் கண்ணை மூடியிருக்கும் இந்த நேரத்தை விட்டால் வேறு நேரம் கிடைக்காது என்று கணக்குப் போட்டு, சத்தமில்லாமல் எழுந்து, நடைபாதையில் முன்னால் நடந்தேன்.

"ஒரு அப்பா வர்றாங்க" என்றது மைக். ரோஷனின் குரல் தழுதழுத்தது. "தேங்க் யூ, லார்ட்."

நான் நின்றேன். நின்றது தப்பு. இரண்டு பையன்கள் வந்து ஆளுக்கொரு கையை மெதுவாகப் பிடித்து, மேடைக்கு முன்னால் நடுவில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். பின்னால் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். பீட்டர் வந்துகொண்டிருந்தார், கர்ச்சீஃபால் முகத்தை மூடிக்கொண்டு. அவருக்குப் பின்னால் பிரியங்கா. அதற்குப் பின்னால் வரிசை வரிசையாகப் பையன்களும் பெண்களும். யாராவது ஒருவர் முதலில் போகட்டும் என்று அத்தனை பேரும் காத்திருந்திருக்கிறார்கள். அந்த ஒருவர் நானாகிவிட்டேன். நரைத்த தலை அங்கிளே போகும்போது நமக்கென்ன வெட்கம் என்று நினைத்தாராம், பிறகு பீட்டர் என்னிடம் சொன்னார். இப்போது அவர் ஞாயிறுதோறும் வருகிறார், பிரசங்கத்தில் தூங்குவதும் இல்லை. அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்ற தைரியத்தில் இதை எழுதுகிறேன்.

சுற்றிலும் ஐம்பது பேர் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். கழிப்பறைக் கதவு பத்தடி தூரத்தில் இருந்தது. நகர முடியவில்லை. அப்போது ஜெமியைப் பார்த்தேன். முன் வரிசை வரை ஓடி வந்து, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அழுகையும் சிரிப்புமாக இருந்தாள். அவளை அத்தனை சந்தோஷமாக நான் பார்த்ததே இல்லை. பிறந்தநாளுக்கு சைக்கிள் வாங்கிக் கொடுத்தபோதுகூட இல்லை.

கண்ணை மூடினேன். வாய்க்குள் என்னவோ முணுமுணுத்தேன். கண்ணீர் வந்தது. பக்கத்தில் நின்ற பையன் என் தோளை அழுத்திக் கொடுத்தான்.

ஆமென் சொன்ன அடுத்த வினாடி ஓடினேன்.

6

ஆறரைக்கு ஆட்டோ பிடித்தோம். ஜெமி என் கையை விடவேயில்லை. வழியெல்லாம் பேசினாள். தமிழில் பேசினாள், வார்த்தை கிடைக்காதபோது மட்டும் இங்கிலீஷ். நாற்பது நாள் ஜெபம் பண்ணினாளாம். நடுவில் ஒரு வாரம், அப்பாவுக்கெல்லாம் நடக்காது என்று விட்டுவிடப் பார்த்தாளாம். அம்மாவிடம் சொன்னால் அம்மா நம்பவே மாட்டாளாம். நம் கோவிலிலேயே இனிமேல் நாம் இரண்டு பேரும் சேர்ந்து உட்காரலாம் என்றாள்.

நான் எத்தனையோ நாளாகக் கேட்க ஆசைப்பட்டதை எல்லாம் அவள் வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். பேசாமல் இருந்தால் போதும். யாருக்கும் தெரியப்போவதில்லை. அவள் கோவிலுக்குத் திரும்பி வருவாள், தமிழ் பேசுவாள், என் பக்கத்தில் உட்காருவாள். சிவப்புப் பெயிண்ட்டை எடுக்கக் கை வரவில்லை. ஆனால் அவள் நாற்பது நாள் ஜெபம் பண்ணியிருக்கிறாள், என்னைப் பற்றிப் பொய் எழுதக் கூடாது என்று அட்டையில் உண்மையை எழுதிய பெண்.

"ஜெமி, ஒண்ணு சொல்லணும்" என்றேன். தொம்மலூர் சிக்னலில் ஆட்டோ நின்றிருந்தது.

"சொல்லுங்கப்பா."

"நான் ஜெபத்துக்கு எந்திரிக்கல. பாத்ரூமுக்கு எந்திரிச்சேன்."

அவள் கை என் கையில் அப்படியே இருந்தது. நான் ரோட்டைப் பார்த்தேன். பக்கத்தில் நின்ற பஸ்ஸின் கம்பியை எண்ணினேன்.

"அந்த ஜூஸ் மூணு டம்ளர் குடிச்சேன்" என்றேன்.

"அப்போ வேன் அங்கிள்?"

"அவரு என் பின்னாலதான் வந்தாரு."

"பாத்ரூமுக்கு?"

"நான் பாத்ரூமுக்கு. அவரு ஆண்டவர்கிட்ட."

அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகிறாள் என்று பதறித் திரும்பினேன். சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல் மூக்கு வழியாக வந்த சத்தம் அது. பிறகு வாய்விட்டுச் சிரித்தாள், தரையில் உட்கார்ந்து சிரித்த அவள் அம்மாவைப் போலவே. எனக்கும் பிடித்துக்கொண்டது. ரோஷன் தழுதழுத்ததைச் சொல்லிச் சிரித்தோம். பையன்கள் என்னைக் கைத்தாங்கலாகக் கொண்டுபோனதைச் சொல்லிச் சிரித்தோம். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்து, "ஏனாய்த்து சார்?" என்றார். என்ன ஆயிற்று என்று அவருக்கு எங்கே சொல்வது?

சிக்னல் விழவில்லை. சிரிப்பு ஓய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டதும் அவள் கேட்டாள்.

"ஆனா முன்னாடி நின்னு அழுதீங்களேப்பா. நான் பார்த்தேன். ஏதோ சொல்லிட்டே இருந்தீங்க. அது என்ன?"

சொல்ல வெட்கமாக இருந்தது. ஆனாலும் சொன்னேன். "ஆண்டவரே, நான் பாத்ரூமுக்குத்தான் வந்தேன். இந்தப் பிள்ள சந்தோஷமா நிக்குது. இதை எப்படிச் சொல்லுவேன்னு எனக்குத் தெரியல. சொல்லாம இருக்கவும் முடியாது. சொல்லும்போது அவ முகம் மட்டும் சுருங்கிரக் கூடாது. நீர்தான் பாத்துக்கணும். அவ்வளவுதான் சொன்னேன். திரும்பத் திரும்ப அதையேதான் சொன்னேன்."

ஜெமி என் தாடையைப் பிடித்து, என் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.

"பாருங்க" என்றாள். "சுருங்கியிருக்கா?"